ஹெர் போலாக்கின் மூக்கு

23.01.2021, சனி

இன்றும் மூக்கு வெளியே.

யூதச் செபக்கூடத்து வாசலில் நான் நிற்கத் தொடங்கி நாலு மாதம். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்திலிருந்து ஓய்வுபெற்றவனுக்குச் சனிக்கிழமை வேலை! முகக்கவசம் சரியா என்று பார்ப்பது, வருகிறவர்களின் பெயரும் தொலைபேசி எண்ணும் எழுதுவது. தொற்று வந்தால் கன்டோன், இந்தச் சுவிஸ் மாநில அரசு, கேட்கும். சனி அவர்களுக்கு ஓய்வுநாள், எழுதவும் மின்சுவிட்சைத் தொடவும் மாட்டார்கள், அதனால் நான். எதையும் நேரே செய்யச் சொல்லவும் மாட்டார்கள். "இஞ்சை குளிருது" என்றால் ஹீட்டரைக் கூட்ட வேண்டும். "இருட்டாக் கிடக்கு" என்றால் லைற். முதல் வாரமே பிடித்துவிட்டேன் என்று எனக்குள் ஒரு பெருமை.

ஹெர் போலாக், எழுபத்தெட்டு வயது, அவர்தான் பிடிபடவில்லை. "மூக்கை மூடுங்கோ" என்றேன். "ஹெர் லேரர், எனக்குப் பின்னேரம் வரைக்கும் காது வேணும்" என்றார். அவருக்கு நான் ஹெர் லேரர், வாத்தியார் ஐயா. நான் மூக்கைச் சொல்ல அவர் காதைச் சொல்கிறார்.

30.01, சனி

உதாரணம் சொல்லிப் பார்த்தேன். குடையை விரிக்காமல் தோளில் சாத்திக்கொண்டு மழையில் நடந்தால் நனையமாட்டீர்களா? சிரித்தார். மறுபடியும் "காது வேணும்" என்றார். மூடினார். இரண்டு எட்டு வைத்ததும் கீழே. இருபத்தாறு வருஷம் பிள்ளைகளோடு மாரடித்தேன். ஒன்றுகூட இப்படி இல்லை.

அவருக்கென்ன? வீட்டில் என் மனைவி புனிதவதி. மாற்றுச் சிறுநீரகம் வைத்துப் பதினாலு மாதம். சும்மா தடிமனே ஆபத்து என்று டொக்டர் சொன்னவர். அந்த மூக்கிலிருந்து வருவது என்னோடு ரயிலேறி எங்கள் ஊர் ஊஸ்டரில் இறங்காதா?

06.02, சனி

திருப்பி அனுப்பிவிட்டேன். "ஒண்டில் மூக்கை மூடுங்கோ, இல்லாட்டி வீட்டை போங்கோ." எல்லோருக்கும் முன்னால். தொப்பியைச் சரிசெய்தார், போய்விட்டார். அவராவது சத்தம் போட்டிருக்கலாம்.

உள்ளே ஒன்பது ஆண்கள். பத்துப் பேர் இல்லாமல் சில செபங்கள் சொல்ல முடியாதாம். நாற்பது நிமிடம் வாசலையே பார்த்துக்கொண்டு இருந்தார்கள். நான் பிழை செய்தேனா? இல்லை. இல்லைத்தானே?

08.02, திங்கள்

சபைத் தலைவி ஃப்ராவ் வைலர் தொலைபேசி எடுத்தா. ஹெர் போலாக்குக்கு இரண்டு காதிலும் கேட்கும் கருவியாம். முகக்கவசத்தை மூக்குக்கு இழுத்தால் நாடா கருவியைக் கழற்றிவிடும். விழுந்து நின்றுபோனால் ஓய்வுநாள் முடியும்வரை திரும்ப இயக்கமாட்டார். அன்று முழுக்கச் செவிடு.

"ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"உங்களுக்குச் சொன்னவராமே."

சொன்னவர்தான். இரண்டு தரம். ஹீட்டருக்கும் லைற்றுக்கும் விளங்கின மண்டை!

இருபதாம் திகதி அவருடைய மனைவியின் நினைவுநாளாம். அவர் நின்று சொல்ல, மற்றவர்கள் மறுமொழி சொல்லும் செபம். அதற்கும் பத்துப் பேர் வேண்டும். அவரோ இனி வரமாட்டேன் என்று சொல்லிவிட்டார்.

11.02, வியாழன்

"இஞ்சேருங்கோ, என்னைச் சாட்டியோ ஒரு கிழவனைத் துரத்தினனீங்கள்?" புனிதவதி.

நாடாவைத் தலைக்குப் பின்னால் முடிந்துவிடலாமே என்றேன். ஃப்ராவ் வைலரைக் கேட்டால், ஓய்வுநாளில் முடிச்சும் யோசித்துத்தான் போடவேண்டுமாம்! தலை வெடிக்கும்போல இருந்தது. புனிதவதி என் நீலச் சேட்டிலிருந்து இரண்டு தெறிப் பொத்தான்களை வெட்டி, ஒரு துணிப்பட்டியின் இரண்டு நுனியிலும் தைத்தாள். பட்டி பிடரியில் கிடக்கும். நாடாவைத் தெறியில் மாட்டினால் காது தப்பும்.

13.02, சனி

ஒன்பது பேர்.

18.02, வியாழன்

ஹெர் போலாக்கின் வீட்டு வாசலுக்குப் போனேன். மன்னிப்புக் கேட்டு, பட்டியைக் கையில் கொடுத்தேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"ஆற்றை சேட்டுத் தெறி?"

"என்ரை."

"அப்ப உங்கடை சேட்டு?"

கதவைச் சாத்திவிட்டார். இதற்கு என்ன அர்த்தம்? வருவாரா, மாட்டாரா? ஒருநாளைக்காவது நேரே சொல்லித் தொலைத்தால் என்ன!

20.02, சனி

பத்து. இரண்டு தரம் எண்ணினேன். நீலத் தெறிகள் பிடரியில், மூக்கு உள்ளே.

காற்றோட்டத்துக்குக் கதவு திறந்திருந்தது. அவர் தனியே சொல்வதும் மற்றவர்கள் "ஆமென்" என்பதும் வாசல்வரை கேட்டன. ஒவ்வொரு ஆமெனுக்கும் நிறுத்தி, கேட்டுவிட்டுத்தான் தொடர்ந்தார்.

கடைசி ஆளாக வெளியே வந்தார். என்னைப் பார்த்தபடி நின்றார்.

"ஹெர் லேரர், உங்கடை மூக்குக் குளிருது போலை."

தொட்டுப் பார்த்தேன். மூக்குச் சிந்த இறக்கிய முகக்கவசம் நாடியில் கிடந்தது.