ஏணி வழியாக இறங்கியவனுக்கு

பிள்ளையார்பாளையம்,
காஞ்சிபுரம்,
6-6-1969.

சிரஞ்சீவி தம்பி கண்ணாயிரத்துக்கு அக்கா அலமு ஆசீர்வதித்து எழுதுவது. இங்கே எல்லோரும் சுகம் என்று எழுதித் தொடங்குவதுதான் முறை. முறைப்படியே எழுதிவிட்டேன்.

ஆக்ராவிலிருந்து நீ போட்ட இன்லண்டு லெட்டர் நேற்று கிடைத்தது. மூன்று பக்கமும் படித்தேன். இரண்டரைப் பக்கத்துக்கு உன் வீரப்பிரதாபம். முதுகில் நாற்பது ராத்தல் மூட்டையோடு இருபது மைல் ஓடினாய். முப்பத்தாறு மணி நேரம் கண் மூடவில்லை. கமாண்டோ பட்டாளத்தில் சேர மனசு கல்லாக வேண்டும் என்று ஆபீசர் சொன்னாராம், அதற்காக விடியுமுன் பச்சைத் தண்ணீரில் குளித்துவிட்டு ஒற்றைக் காலில் நிற்கிறாய். கொக்கும்தான் நிற்கிறது. அதற்கு யாரும் மெடல் குத்தவில்லை.

கடைசி அரைப் பக்கத்தில்தான் சங்கதியே. முப்பதடி உயரத்துப் பலகையிலிருந்து பூட்சும் உடுப்புமாகத் தண்ணீரில் குதிக்க வேண்டும். நீ இரண்டு தடவை ஏறி, இரண்டு தடவையும் ஏணி வழியாகவே இறங்கி வந்திருக்கிறாய். இருபதாம் தேதி மூன்றாவது தடவை. அன்றும் இறங்கினால் பெட்டியைக் கட்டிக்கொண்டு வெலிங்டனில் உன் பழைய பட்டாளத்துக்கே திரும்ப வேண்டியதுதான்.

பலகை ஆடுகிறதாம், வழுக்குகிறதாம். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். உன்னோடு வந்த பஞ்சாபிக்காரன் குதித்தபோது அந்தப் பலகை என்ன செய்தது? சின்ன வயதில் கூரத்தில் நம் கிணற்றில் பலகையா இருந்தது? வாண்டுப் பயல்களெல்லாம் மேட்டிலிருந்து தொப்புத் தொப்பென்று விழுவார்கள். பாவாடையைச் செருகிக்கொண்டு நானும் விழுவேன். நீ வேப்பமரத்தடியில் உட்கார்ந்து எல்லோர் துணிக்கும் காவல் இருப்பாய். துணிக்குக் காவல் இருந்தவன் இப்போது தேசத்துக்குக் காவல் இருக்கப் போகிறான். டீக்கடை தணிகாசலம், நீ ஏரோப்பிளேனிலிருந்து குதிப்பதைக் கூடவே நின்று பார்த்தவர் மாதிரி வருகிறவர்களிடமெல்லாம் சொல்கிறார். நான் மறுக்கவில்லை. மறுத்தால் மானம் போவது எனக்கு.

இனி நீ கேட்ட காரியம். 'அம்மா சீரியஸ், உடனே புறப்படு' என்று நான் ஒரு தந்தி அடிக்க வேண்டும். அதைக் காட்டி நீ லீவு வாங்கிக்கொள்வாய். தோற்றவன் என்ற பெயர் வராது. பட்டாளத்தில் எல்லோரும் செய்வதுதானாம், ஹவில்தாரே சொல்லிக்கொடுத்தாராம். அந்த ஹவில்தாருக்கும் ஒரு தாய் இருப்பாளே, அவளைச் சாகக் கிடத்தட்டும். நம் அம்மா நெசவுக்காரர்களுக்குத் தார்க்கட்டையில் நூல் சுற்றிச் சுற்றி விரல் தேய்ந்து உன்னைப் பத்தாவது வரை படிக்க வைத்தாள். அவள் கற்றுக்கொடுத்த எழுத்தை வைத்து அவளையே படுக்கையில் போடுகிறாய், ஒரு மரப்பலகைக்குப் பயந்துகொண்டு. எழுதும்போது கை கூசவில்லையா? எனக்குப் படிக்கக் கூசியது.

தந்தி வராது. தபால்காரன் வருகிறானா என்று வாசலைப் பார்த்துக்கொண்டு நிற்காதே.

குதிக்கிற வழியை வேண்டுமானால் சொல்கிறேன், கேட்டுக்கொள். கீழே பார்க்காதே. ஒன்று இரண்டு எண்ணாதே, எண்ணுகிறவன் மூன்றோடு நிற்கமாட்டான், நாலும் எண்ணுவான். கடைத்தெருவுக்குப் போகிறவன் மாதிரி நட. பலகை தானாக முடிந்துவிடும். காலைச் சேர்த்து வைத்துக்கொள், மூச்சை மூக்கால் விட்டுக்கொண்டே போ. தண்ணீர் உன்னைத் திருப்பி மேலே அனுப்பிவிடும், அதற்கு நீ வேண்டாம்.

அம்மாவைப் பற்றிக் கேட்டிருந்தாய். தறிக்காரர்கள் வேலை கொடுப்பது இப்போது குறைவு. ராட்டையைத் துடைத்துப் பரண்மேல் வைத்துவிட்டோம். பெரம்பூர் வெயில் ஒத்துக்கொள்ளாமல், உன் அத்தானை அங்கே தனியே விட்டுவிட்டு நானும் இரண்டு மாதமாக இங்கேதான் இருக்கிறேன். அம்மா பகலிலும் நன்றாகத் தூங்குகிறாள்.

வரதராஜர் உன்னைக் கைவிடமாட்டார். ஆனால் உனக்குப் பதிலாக அவர் பலகை ஏறமாட்டார். இந்தத் தடவை ஏணியில் ஏறுவதோடு சரி, இறங்குகிற வேலை அதில் வேண்டாம் தம்பி. நல்லபடியாக இரு.

உன் அக்கா,
அலமு.


அதே தேதி.

அன்புள்ள மாமா அவர்களுக்கு, அலமுவின் வணக்கம். கண்ணாயிரத்துக்கு எழுதியதோடு இதையும் தபாலில் சேர்க்கிறேன். பெரம்பூருக்கு நாளையே வந்துவிடும்.

நேற்று காலை டாக்டர், பார்க்க வேண்டியவர்களை வரவழைத்துவிடுங்கள் என்று சொல்லிவிட்டார். கட்டி ஈரல்வரை போய்விட்டதாம். அம்மாவை வீட்டுக்குக் கொண்டுவந்து படுக்க வைத்துவிட்டு நேரே தபாலாபீசுக்குப் போனேன். 'அம்மா சீரியஸ், உடனே புறப்படு.' குமாஸ்தா தந்திப் பாரத்தில் எழுதி முடித்து வார்த்தைகளை எண்ணிக்கொண்டிருந்தார். தபால்காரர் ராமலிங்கம் என்னைப் பார்த்துவிட்டு, நடை மிச்சம் என்று கண்ணாயிரத்தின் லெட்டரை அங்கேயே கையில் கொடுத்தார். நின்றபடியே படித்தேன். அதே வார்த்தைகள், அதே வரிசை. பாரத்தைத் திருப்பி வாங்கிக் கிழித்துப் போட்டேன்.

இப்போது அந்தத் தந்தியை எப்படி அனுப்புவேன்? அக்கா தன் பேச்சைக் கேட்டாள் என்றே நினைப்பான். ஆக்ரா பூசணி மிட்டாய் டப்பாவும் கையுமாகச் சிரித்துக்கொண்டே வாசற்படி ஏறுவான். உள்ளே வந்து பார்த்தானென்றால், தான் எழுதின எழுத்துதான் அவளைக் கிடத்தியது என்று ஆயுசுக்கும் தலையில் அடித்துக்கொள்வான். உண்மையைச் சொல்ல எனக்கிருந்த ஒரு வழியையும் அந்த மூடன் அடைத்துவிட்டான். விவரமாகக் கடிதம் எழுதலாமே என்பீர்கள். எழுதலாம்தான். அம்மா விடவில்லை. "அவனக் கூப்டாதம்மா, அவன் பொழப்பு கெட்டுப்பூடும்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

இருபதாம் தேதி தாண்டட்டும், தந்தி அடித்துவிடுகிறேன். அதுவரை தாங்குமா என்று டாக்டரைக் கேட்டேன். அவர் சீட்டில் ஏதோ எழுதினார். நீங்கள் லீவு போட்டுவிட்டு உடனே வாருங்கள். அவன் உங்களுக்கு எழுதிக் கேட்டால் அத்தை சுகம் என்று ஒரு வரியோடு நிறுத்திவிடுங்கள். இரண்டாவது வரியில் நீங்கள் உளறிவிடுவீர்கள்.

பொய்த் தந்தி கேட்டான் என்று அவனைக் காறித் துப்பி எழுதியிருக்கிறேன். என் யோக்கியதையையும் கேளுங்கள். அவன் குதிக்க வேண்டிய சங்கதியை மட்டும் அம்மாவிடம் சொல்லியிருந்தேன்; அதிலிருந்து கண் திறக்கும்போதெல்லாம் "கண்ணாயிரம் குதிச்சிட்டானா அலமு" என்று அதையே கேட்டாள். நேற்று சாயங்காலம், குதித்துவிட்டான் என்று சொல்லிவிட்டேன். எத்தனை அடி என்றாள். முப்பது என்றேன். சிரித்தாள். அப்புறம்தான் இரண்டு வாய் கஞ்சி இறங்கியது.

வருகிற வழியில் கோயில் ஏதாவது தென்பட்டால் அம்மாவுக்காக வேண்டிக்கொள்ள வேண்டாம் மாமா. அந்தப் பயல் குதிக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்ளுங்கள். அம்மாவிடம் நான் சொன்னது பொய்யாகிவிடக் கூடாது.

இப்படிக்கு,
அலமு.