பார்ட்டிக்குக் கன்னி ஆவி

டிசம்பர் 5, எனுகு, நைஜீரியா

ஆபீஸ் ஆண்டுவிழாவுக்கு இந்த வருஷம் எல்லாரும் முகமூடி போட்டுத்தான் வரணுமாம். கடைசிவரை யாரென்றே தெரியாமல் இருக்கிறவருக்குப் பரிசு. பக்கத்து மேஜை உஸோ மயில் வேஷம் என்கிறாள். கணக்குப் பிரிவே மயில்தான். நான் மாட்டேன்.

டிசம்பர் 9

முடிவு பண்ணிவிட்டேன். கன்னி ஆவி! வெள்ளை மர முகம், ஓங்கின கொண்டை, உடம்பெல்லாம் கலர் ஒட்டுத்துணி. ஊரில் ஆம்பிளைகள்தான் போட்டு ஆடுவார்கள். அது மண்ணுக்குள்ளிருந்து வந்தது, உள்ளே ஆளே கிடையாது என்று பெண்கள் நாங்கள் நம்புகிற மாதிரி நடிக்க வேண்டும். பெண் தொட்டாலே குற்றம். ஆனால் முகம் பெண் முகம், மார்பு பெண் மார்பு — பெண் போட்டால் மட்டும் என்னவாம்? இது டெய்லர் தைத்தது, முகம் தச்சர் செதுக்கினது. பூசை போட்டதுகூட இல்லை. நாளைக்கு வந்துவிடும்.

டிசம்பர் 13

 

நான் கட்டிக்கப்போகிற லோட்டன்னாவின் அம்மா சொல்லாமல் கொள்ளாமல் கிழங்கு மூட்டையோடு வந்து நின்றார். நாற்காலியில் கன்னி ஆவி. ஒரே அலறல். மேல்துணியால் கண்ணைப் பொத்திக்கொண்டார்.

"அடிப்பாவி! ஆவிச் சபைக்கே தலைவர்டி எம்புருஷன்! இது வெளிய தெரிஞ்சா உன்னை மருமகள்னு வாசல்ல ஏத்துவாரா?"

"பார்ட்டிக்குத்தானே அத்தை..."

"வாயை மூடு."

கிழங்கைத் தரையில் கொட்டினார். அதே சாக்கில் கன்னியைத் திணித்து எடுத்துக்கொண்டு போய்விட்டார். சபையில் கொண்டுபோய் வைப்பார். வேறெதற்கு? இருபத்தெட்டாம் தேதி கல்யாணம். போச்சு. என் கொழுப்புக்கு வேண்டியதுதான்.

டிசம்பர் 14

லோட்டன்னா போன் பண்ணவில்லை.

டிசம்பர் 15

பண்ணினான். பந்தலைப் பற்றியே பேசினான். அத்தை அவனிடம் எதுவுமே சொல்லவில்லை! ஏன்?

டிசம்பர் 17

கடவுளே. கடவுளே.

காலில் விழுந்தாவது கேட்டுவிடலாம் என்று போனேன். மாமா சபைக்குப் போயிருந்தார். அறைக்கதவைத் தள்ளினேன். நிலைக்கண்ணாடி முன்னால் கன்னி ஆவி நின்று இடுப்பை ஆட்டிக்கொண்டிருந்தது!

கத்திவிட்டேன். நிஜ ஆவி என்றே நினைத்தேன் — நான், எம்.எஸ்ஸி. படித்தவள்!

"கதவைச் சாத்துடி!" அத்தையின் குரல்.

முகத்தைக் கழற்றினார். வேர்த்து ஊற்றியது.  

"உள்ள மூச்சே விட முடியல. எங்க வீட்டுக்காரர் இத்தனை வருஷமா இதைப் போட்டுக்கிட்டு எப்படித்தான் ஆடினாரோ..."

வீட்டுக்காரர்! ஆவிக்குள் ஆள் இருக்கிறது என்று வாய்விட்டே சொல்லிவிட்டார். சொன்னதும் தன் வாயைத் தானே பொத்திக்கொண்டார். இதைவிடச் சின்னப் பேச்சுக்கெல்லாம் சபை அபராதமாக ஆடு கேட்டிருக்கிறது.

ஒட்டுத்துணியை அடுப்பில் போட்டோம். மர முகத்தை அவரே கோடாலியால் பிளந்தார். "நான் பாக்கல. நீயும் பாக்கல. போய் மயில் வேஷம் போடு."

டிசம்பர் 20

மயிலாகப் போனேன். வாசலிலேயே கண்டுபிடித்துவிட்டார்கள்.

டிசம்பர் 28

எங்கள் வீட்டு முற்றம் கொள்ளாத கூட்டம். எங்கள் வழக்கப்படி கள் கோப்பையை ஏந்திக்கொண்டு கூட்டத்துக்குள் லோட்டன்னாவைத் தேடிக் கண்டுபிடித்துக் கொடுத்தேன். குடித்தான். கல்யாணம் முடிந்தது. முடிந்தேவிட்டது!

அப்புறம் எங்கள் ஊர்க் கன்னி ஆவிகள் ஆட வந்தன. வழக்கம்போலப் பெண்கள் அலறிக்கொண்டு பின்னால் நகர்ந்தோம். எல்லாரையும்விட அத்தைதான் பலமாக அலறினார். அலறி முடித்துவிட்டு என் காதருகே குனிந்தார்.

"இடுப்பே வளையலையே, கட்டைங்க."