ரொட்டி வைத்த யோகா பாய்

அன்புள்ள அம்மாவுக்கு,

முழங்கால் வலி குறைந்ததா? பிஷ்கெக்கில் நான் நன்றாகவே இருக்கிறேன். தையல் மிஷினில் குனிந்தே கிடப்பதால் லேசான முதுகுவலி, அவ்வளவுதான். யோகா செய்யலாமென்று கட்டிலை நகர்த்தி, ஜன்னலோரம் புதுப் பாய் விரித்தேன். குளித்துவிட்டு வருவதற்குள் வீட்டுக்காரி சைரகான் அக்கா அதன்மேல் ரொட்டியும் தேநீரும் பரப்பி, பக்கத்து வீட்டாரோடு உட்கார்ந்திருக்கிறார்.

"விரிச்சுட்டு வெறுமனே விடலாமாடி? வா, உக்காரு."

"அக்கா, அது யோகா பண்ற பாய்."

"ரொட்டி வச்சாச்சு. இனிமே அதுல கால் வைப்பியா?"

எப்படி வைப்பேன்? ரொட்டி வைத்த விரிப்பை மிதிக்கக் கூடாதென்று நீங்கள் சொல்லி வளர்த்த பெண்ணாயிற்றே. எரிச்சல்தான் மிச்சம். இப்போது தினமும் அங்கேதான் தேநீர்.

நம் வீட்டில் ஆட்டுக்குட்டி படுக்கும் கம்பளி விரிப்பை அனுப்புங்கள். அதில் யாரும் ரொட்டி வைக்கமாட்டார்கள். வேலைக்கு நேரமாகிறது. துவைக்காமலே அனுப்புங்கள், அம்மா.

பெர்மெட்