இரண்டாம் டிவிஷனுக்கு இறங்கிய அன்று

கரமனை,
திருவனந்தபுரம்.
மார்ச் 11, புதன்

அன்புள்ள தம்பி செல்வகணேசுக்கு,

அக்கா நாச்சியார் எழுதுகிறேன். நலமா என்று கேட்க வாய் வரவில்லை, ஆனாலும் கேட்கிறேன். வேளைக்குச் சாப்பிடுகிறாயா? போனில் பேசாதே என்று நீயே சொன்னதால் இதை நீ தங்கியிருக்கும் பிச்சைக்கனி அண்ணன் பெயருக்குத் திருப்பூர் விலாசத்தில் அனுப்புகிறேன். படித்ததும் கிழித்துவிடு என்று சொல்ல மாட்டேன். ஏன் என்று கடைசியில் உனக்கே புரியும்.

அம்மாவின் இடது மணிக்கட்டில் கட்டுப் போட்டிருக்கிறது. பயப்படாதே, எலும்பில் லேசாக விரிசல் விட்டிருக்கிறது, அவ்வளவுதான். நீ போன நாலாம் நாள் சாயங்காலம் ஒரு டெம்போவில் பத்துப் பதினைந்து பேர் வந்தார்கள். நம் கோல்கீப்பர் சுமந்த்தின் ஊரான கடற்கரைப் பக்கத்துப் பையன்கள். உன் பெயர் அவர்களுக்குத் தெரியாது. நம் டீமான ஆரியசாலை பிரதர்ஸ் கொடி மாட்டிய வீட்டை எல்லாம் தேடி அடித்தார்கள். நம் வீட்டு ஜன்னல், டிவி, அம்மாவின் மிக்சி, எல்லாம் போயிற்று. அம்மா கதவை உள்ளே இருந்து தள்ளிப் பிடித்திருக்கிறாள். அவர்கள் வெளியே இருந்து உதைத்த உதையில் கை மடங்கிவிட்டது. நான் டூட்டியில் இருந்தேன். வந்து பார்க்கும்போது அம்மா கண்ணாடிச் சில்லைப் பெருக்கிக்கொண்டிருந்தாள், ஒரே கையால்.

அன்றைக்கு யாருடைய போனிலிருந்தோ கூப்பிட்டாயே, முதலில் நீ கேட்டது, “அக்கா, நம்ம டீம் கீழே போயிட்டுதா?” என்றுதான். சுமந்த் உயிரோடு இருக்கிறானா என்று கேட்கவில்லை. எனக்கு வந்த ஆத்திரத்தில் போனை வைத்துவிட்டேன். பிறகு பஸ்ஸில் டிக்கெட் கிழித்துக்கொண்டே யோசித்தேன். நான் ஓடிப்போயிருந்தாலும் அதைத்தான் முதலில் கேட்டிருப்பேன். உனக்கு ஏழு வயதாக இருக்கும்போது உன்னைக் கையைப் பிடித்து கேலரிக்குக் கூட்டிப்போனவள் நான்தானே. எந்தக் கோலிக்கு எந்தப் பக்கம் பலவீனம் என்று சொல்லிக் கொடுத்தவளும் நான்தான். அதனால் பதில் சொல்கிறேன். ஆமாம், போயிற்று. நம் டீம் இப்போது இரண்டாம் டிவிஷன்.

அது அந்த ஒரு நாளில் நடந்ததில்லை. கரமனை அக்ரகாரத்துப் பிச்சுமணி சார் இந்த சீசன் முழுவதையும் நோட்டில் எழுதி வைத்திருக்கிறார், நீ பார்த்திருக்கிறாய். போன ஞாயிறு அவர் வீட்டில் உட்கார்ந்து ஒவ்வொரு பக்கமாகப் பார்த்தோம். பதினெட்டு மேட்ச், முப்பத்தொரு கோல் வாங்கியிருக்கிறோம். அதில் சுமந்த் பிடிக்கத் தவறியது என்று சார் எழுதியிருப்பது நாலே நாலு. மீதி எல்லாம் மிட்ஃபீல்டில் பந்தைப் பறிகொடுத்து, பின்வரிசை ஸ்டாப்பர் திரும்பி ஓட முடியாமல், எதிராளி தனியாக வந்து அடித்தவை. கேப்டனுக்கு முப்பத்தேழு வயது. இரண்டாம் பாதியில் அவர் நடக்கிறார், ஓடுவதில்லை. முன்வரிசை கடைசி மேட்சுக்கு முன்னால் ஆறு மேட்சாக ஒரு கோல் போடவில்லை. அவர்களை யாரும் எதுவும் சொல்லவில்லை. கோலிதான் ஒரே இடத்தில் நிற்கிறான், கேலரிக்குப் பக்கத்தில் நிற்கிறான். திட்டினால் அவனுக்குக் கேட்கும். அதனால் அவனைத் திட்டினோம். “கோலியைச் சொன்னது தப்புன்னு நான் நவம்பர்லயே எழுதி வச்சிருக்கேன்டீ, யாராவது கேட்டாத்தானே” என்றார் சார்.

கடைசி மேட்சின் அந்தக் கடைசி கோலையும் சாரின் போனில் நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். ஒன்றுக்கு ஒன்று இருக்கிறது. டிரா செய்தால் தப்பிவிடுவோம், தோற்றால் மற்ற மேட்சுகளின் முடிவைப் பொறுத்தது. எண்பத்தொன்பதாவது நிமிஷம், எதிர் டீமான நெய்யாற்றின்கரைக்காரன் இடது பக்கமிருந்து கிராஸ் போடுகிறான். சுமந்த் சரியான நேரத்தில் வெளியே வருகிறான், இரண்டு கையும் பந்துக்குப் போகின்றன. அதற்கு முன்னால் நம் ஸ்டாப்பரின் தோளில் பந்து உரசித் திசை மாறுகிறது. ஒரு சாண் இருக்கும். கேலரியில் இருந்து பார்த்தால் தெரியாது. நமக்குத் தெரிந்ததெல்லாம், பந்து அவன் கைக்குள்ளே போய் வழுக்கி வலைக்குள்ளே விழுந்தது, அவ்வளவுதான்.

செல்வா, இனி எழுதப்போவது உனக்கும் தெரியும். இருந்தாலும் நான் எழுத வேண்டும், ஏனென்றால் இருபத்தி நாலு நாளாக இதை யாரிடமும் சொல்லவில்லை.

அந்த கோல் விழுந்ததும் கேலரி ஒரு நிமிஷம் சத்தமே இல்லாமல் இருந்தது. அப்போது நான் எழுந்து நின்று கத்தினேன். “வித்துட்டான்! மேட்ச்ச வித்துட்டாண்டா!” என்று. எனக்கு எதுவும் தெரியாது. யாரும் எனக்கு எதுவும் சொல்லவில்லை. வாய்க்கு வந்தது, கத்தினேன். பதினோரு வருஷம் கண்டக்டர் வேலை பார்த்த தொண்டை, உனக்குத் தெரியும். முதலில் நம் வரிசை திருப்பிச் சொன்னது, பிறகு மொத்த கேலரியும் சொன்னது. விசில் அடிப்பதற்குள் அது எல்லோருக்கும் உண்மையாகிவிட்டது. உன் முகத்தைப் பார்த்தேன். அதில் இரத்தமே இல்லை.

நீ கொடிக் கம்பியை உருவிக்கொண்டு இறங்கி ஓடியபோது நானும் பின்னால் ஓடினேன். உன்னைத் தடுக்க ஓடினேன் என்று இத்தனை நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். அது பொய். நானும் அவனை நாலு கேட்கத்தான் ஓடினேன்.

பிளேயர் வரும் சின்ன கேட் பக்கம் சுமந்த் தனியாக வந்தான். தோளில் பை, கையில் கிளவுஸ். உன்னைப் பார்த்து நின்றான். உன்னை அவனுக்குத் தெரியும். மூன்று வருஷத்துக்கு முன்னால் பெனால்டி பிடித்த அன்று அவனைத் தோளில் தூக்கிக்கொண்டு சாலை மார்க்கெட் வரை போனவன் நீ. அவன் ஏதோ சொல்ல வாயைத் திறந்தான். நீ “இந்தக் கைதானே” என்று சொல்லி வலது கையில் அடித்தாய். அவன் கையை நெஞ்சோடு சேர்த்துக்கொண்டு குனிந்தான். கீழே விழுந்தவனின் கையைச் செருப்புக் காலால் மிதித்துப் பிடித்துக்கொண்டு இன்னும் இரண்டு அடி அடித்தாய். மட்டையால் தேங்காய் ஓட்டை உடைக்கிற மாதிரி ஒரு சத்தம். அதன் பிறகு தலையில் ஒன்று. அந்தக் கடைசி அடி விழும்போது உன் நண்பன் சுடலைக்கண்ணு உன்னைப் பின்னாலிருந்து கட்டிப் பிடித்துவிட்டான். அவன் பிடிக்காவிட்டால் அந்த அடி முழுசாக விழுந்திருக்கும், இந்நேரம் அது கொலைக்கேஸ். நீ அவனை உதறிவிட்டு மதில் ஏறிக் குதித்துப் போனாய். நான் மூன்று அடி தூரத்தில் நின்றேன். என் தொண்டையில் இருந்து ஒரு சத்தமும் வரவில்லை.

சுடலைக்கண்ணு ஓடவில்லை. தன் சட்டையைக் கழற்றி சுமந்த்தின் தலையைச் சுற்றிக் கட்டி, மடியில் போட்டுக்கொண்டு ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனான். ஆட்டோவில் ஏற்றுவதை எவனோ போனில் படம் பிடித்திருக்கிறான். உடம்பெல்லாம் இரத்தமாக ஒருவன் சுமந்த்தை இழுக்கிறான் என்பதுதான் படத்தில் தெரிகிறது. அடித்தவன் இவன்தான் என்று அது ஊர் முழுக்கப் பரவியது.

இது உனக்குத் தெரியாது. போன மாதம் இருபத்தாறாம் தேதி, பட்டப்பகல், கிழக்கேகோட்டை பஸ் ஸ்டாண்ட் எதிரில் அந்தக் கடற்கரைப் பையன்கள் சுடலைக்கண்ணுவின் பைக்கை மறித்து அவனை இழுத்துப் போட்டார்கள். கத்தியால் வயிற்றில் இரண்டு குத்து, தொடையில் ஒன்று. என் பஸ் அப்போது ஸ்டாண்டுக்குள் திரும்பிக்கொண்டிருந்தது. கூட்டத்தைப் பார்த்து யாரோ பஸ்ஸில் அடிபட்டுவிட்டார் என்று நினைத்து இறங்கினேன். அவன் ரோட்டில் உட்கார்ந்து வயிற்றை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டிருந்தான். விரல் இடுக்கு வழியாக இரத்தம் வந்துகொண்டே இருந்தது. என்னை நிமிர்ந்து பார்த்தான், செல்வா.

பிழைத்துவிட்டான். குடலில் தையல் போட்டிருக்கிறார்கள். ஆனால் கட்டிலுக்குப் பக்கத்தில் போலீஸ் உட்கார்ந்திருக்கிறது, ஏனென்றால் சுமந்த் கேஸில் இப்போது அவன்தான் முதல் பிரதி, முதல் குற்றவாளி. யார் அடித்தது என்று கேட்டால், “நான் பார்க்கல சார்” என்கிறானாம். உன் பெயரைச் சொல்லவில்லை. வயிற்றில் கத்தி வாங்கியும் சொல்லவில்லை. என்னிடமும் போலீஸ் முதல் வாரமே கேட்டது. நானும் அதையே சொன்னேன், பார்க்கவில்லை என்று. அவன் சொன்ன பொய்யும் நான் சொன்ன பொய்யும் ஒன்றா?

அவன் மனைவி ஷிஜா திங்கட்கிழமை டிப்போவுக்கு வந்தாள். அழவில்லை, கத்தவில்லை. “சேச்சி அவிடெ உண்டாயிருந்நில்லே? சேச்சி கண்டதல்லே?” என்று மட்டும் கேட்டாள், நான் அங்கே இருந்து பார்த்தவள்தானே என்று. நான் தலையைக் குனிந்துகொண்டேன். “பின்னே எந்தா மிண்டாத்தது?” என்றாள். பிறகு ஏன் வாயைத் திறக்கவில்லை என்று கேட்கிறாள். அப்படியே திரும்பிப் போய்விட்டாள்.

(டிரிப் வந்துவிட்டதால் நிறுத்தினேன். இப்போது மணி ஐந்தரை. தொடர்கிறேன்.)

நேற்று சுமந்த்தைப் பார்க்கப் போனேன். பிரக்ஞை வந்து இரண்டு வாரமாகிறது. வலது கையில் இரண்டு விரலை எடுத்துவிட்டார்கள். மற்ற விரல்கள் மடங்காது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். பேச்சு குழறுகிறது, ஒரு வார்த்தைக்கும் அடுத்த வார்த்தைக்கும் நடுவில் ரொம்ப தூரம். விசிலுக்குப் பிறகு நடந்தது எதுவும் அவனுக்கு நினைவில்லையாம். இருபத்திரண்டு வயது. பக்கத்தில் அவன் அம்மா தங்கபாய் இருந்தார்கள். டீமின் ஆள் என்று நினைத்து என்னை உட்காரச் சொன்னார்கள். மருந்து வாங்கி வரும் வரைக்கும் இந்தக் கஞ்சியைக் கொஞ்சம் கொடுக்க முடியுமா என்று கிண்ணத்தை என் கையில் தந்துவிட்டுப் போனார்கள்.

மூன்று கரண்டி கொடுத்தேன். நாலாவதுக்கு அவன் வாயைத் திறக்கவில்லை. என்னையே பார்த்தான். பிறகு மெல்ல, ஒவ்வொரு சொல்லாக, “அக்கா... வித்துட்டான்னு... சொன்னது... உங்க சத்தம்தானே” என்றான். தனக்கு அந்தச் சத்தம் தெரியும், மூன்று வருஷமாகத் தன் பின்னால் இருந்து கேட்கிற சத்தம் என்றான். நான் ஆமாம் என்றேன். “நான் விக்கல அக்கா” என்றான். அவ்வளவுதான் சொன்னான். பிறகு வாயைத் திறந்து காட்டினான், கஞ்சிக்கு.

தங்கபாய் திரும்பி வந்ததும் நான் யார் என்றும், அடித்தவன் என் தம்பிதான் என்றும் சொன்னேன். “நீயாக்கும் அவனுக்க அக்கா? எனக்க மோனுக்கு உனக்க கையால கஞ்சி குடுத்தியா?” என்று கேட்டு என் முடியைக் கொத்தாகப் பிடித்தார்கள். வார்டு வாசல் வரைக்கும் தரையில் இழுத்துக்கொண்டு போனார்கள். முகத்தில், நெஞ்சில், கை ஓயும் வரை அடித்தார்கள். நர்சுகள் ஓடி வந்து பிரித்தார்கள். நான் கையைத் தூக்கவில்லை. உதடு கிழிந்திருக்கிறது. அம்மாவிடம் பஸ் கம்பியில் இடித்துக்கொண்டேன் என்று சொல்லியிருக்கிறேன்.

தம்பி, நாளைக் காலை போலீஸ் ஸ்டேஷனுக்குப் போகிறேன். லீவ் எழுதிக் கொடுத்தாயிற்று. நான் என்ன கத்தினேன் என்பதைச் சொல்வேன், நீ என்ன செய்தாய் என்பதையும் சொல்வேன், சுடலைக்கண்ணு என்ன செய்தான் என்பதையும் சொல்வேன். நீ இதைப் படிக்கும்போது சொல்லி முடித்திருப்பேன். நீ எங்கே இருக்கிறாய் என்று கேட்பார்கள். அதை மட்டும் சொல்ல மாட்டேன். அது நீ சொல்ல வேண்டியது.

பிச்சுமணி சார் மூலமாக ஸ்ரீலக்ஷ்மி என்ற வக்கீலிடம் பேசியிருக்கிறேன். போலீஸ் வந்து பிடிப்பதைவிட நீயாகக் கோர்ட்டில் வந்து நிற்பது நல்லது என்கிறார். என் பெயரும் கேஸில் வரலாம், வேலைக்கும் ஆபத்து வரலாம் என்றும் சொன்னார். வரட்டும். தங்கபாய் மூலமாக அந்தப் பையன்களுக்கு உன் பெயர் தெரிந்துவிட்டால் திருப்பூர் ஒன்றும் தூரமில்லை. அதற்கு முன்னால் நீ வந்துவிட வேண்டும். செவ்வாய்க்கிழமை காலை ரயிலில் வா. தம்பானூர் ஸ்டேஷன் வரைக்கும் வராதே, அங்கே அவர்கள் ஆள் போட்டிருக்கலாம். கழக்கூட்டத்தில் இறங்கு. சாரும் வக்கீலும் காரோடு நிற்பார்கள். நேரே வஞ்சியூர் கோர்ட். நான் வாசலில் இருப்பேன்.

என் மேல் உனக்குக் கோபம் வரும். அக்கா காட்டிக்கொடுத்துவிட்டாள் என்று நினைப்பாய். நினைத்துக்கொள். ஆனால் வா. அம்மா ஒன்றும் கேட்பதில்லை. சாப்பிட உட்காரும்போது மட்டும் தட்டு மூன்று எடுத்து வைத்துவிட்டு, பிறகு ஒன்றை எடுத்து உள்ளே வைக்கிறாள்.

முத்தாரம்மன் உன்னைக் காப்பாற்றட்டும். உயிரோடு வந்து சேர். வரும்போது முகத்தில் துணி கட்டிக்கொண்டு வராதே. அடிக்கிறபோது பார்த்த உன் முகம்தான் கண்ணுக்குள்ளேயே நிற்கிறது. எனக்கு உன் பழைய முகத்தைப் பார்க்க வேண்டும்.

உன் அக்கா,
நாச்சியார்