ஓரத்தில் ஆடிய பழங்கள்

அலுவிகாரை,
ஞாயிறு காலை.

அன்பு மகன் உதயராஜுக்கு,

அப்பா எழுதுகிறேன். முத்துமாரி காவலில் நானும் அம்மாவும் இருக்கிறோம். நீ அங்கே ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும் என்பதே எங்கள் வேண்டுதல். சசிக்குமார் லீவு முடிந்து கட்டாருக்குத் திரும்புகிறான், அவன் கையில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். போனில் சொல்லியிருக்கலாம். போனில் நீ சிரிப்பாய், நானும் சிரித்துவிடுவேன், சொல்ல வந்தது அப்படியே போய்விடும்.

மழை விடவில்லை. அம்மாவின் முழங்கால் வலி அப்படியே இருக்கிறது. நீ போகும்போது போனில் போட்டுத் தந்த பழம் சேர்க்கும் கேமை நான் விடாமல் விளையாடியது உனக்குத் தெரியும். கடை வேலையை விட்ட பிறகுதான் மத்தியானம் எவ்வளவு நீளம் என்று தெரிந்தது. ஒரே நிறத்தில் மூன்று சேர்ந்தால் உடையும், மேலிருந்து வேறு விழும். அவ்வளவுதான். அது போதுமாக இருந்தது. போன வருடத்திலிருந்து தோற்கத் தொடங்கினேன். ஒரே லெவலில் வாரக்கணக்காக நின்றேன். கம்பெனிக்காரன் காசு பிடுங்கத்தான் மேலே போகப் போகக் கஷ்டமாக்குகிறான் என்று நினைத்தேன். நீயும், 'அது அப்படித்தாம்பா, விடுங்க' என்றாய். கொஞ்ச நேரம் சும்மா இருந்தால், சேர்க்க வேண்டிய பழங்களை அந்தக் கேமே ஆட்டிக் காட்டும். அம்மா பின்னால் நின்று, 'அந்தா ஓரத்துல ஆடுது, கண்ணத் தொறந்து வச்சுக்கிட்டே தேடுறீங்களே' என்பாள். எனக்கு எதுவும் ஆடவில்லை. ஒரு நாள் அவள் விரல் நீட்டியபோது, 'தொட்டுக் கெடுக்காத' என்று கத்திவிட்டேன். 'ஆமா, இவரு தோட்டத்துப் பழத்த நான் திருடிட்டேன்' என்று சொல்லி உள்ளே போனாள்.

சித்திரைக்கு முன் கோயில் மண்டபத்தில் கண் பரிசோதிக்க வந்திருந்தார்கள். அம்மா சேலை மாற்றிக்கொண்டு வந்து கூப்பிட்டாள். அப்போதுதான் கேம் எனக்கு ஒரு மணித்தியாலத்துக்குத் தீராத உயிர் கொடுத்திருந்தது, எத்தனை முறை தோற்றாலும் ஆடலாம். நீ போய் வா என்றேன். அவள் கண்ணாடிக்கு எழுதி வாங்கி வந்தாள். நான் அந்த ஒரு மணித்தியாலமும் தோற்றேன். ஆவணியில் சாமான் வாங்கக் கடைக்குப் போகும்போது, இடது பக்கமாக வந்த முச்சக்கர வண்டி என்னை உரசியது. முழங்கையில் தோல் போனது, வேறொன்றும் இல்லை. 'ஐயா, கண்ணு முன்னாலதானே வந்தேன்' என்று அந்தப் பையன் அழுகிற மாதிரி நின்றான். அதன் பிறகுதான் ஆஸ்பத்திரிக்குப் போனேன். அங்கிருந்து கண்டிக்கு அனுப்பினார்கள். கண்ணுக்குள் அழுத்தம் கூடியிருக்கிறதாம், குளோக்கோமா என்றார்கள். இரண்டு கண்ணிலும் ஓரப் பார்வை போய்விட்டது, இடதில் அதிகம். போனது திரும்பாது. மிச்சத்தைக் காப்பாற்றத் தினமும் சொட்டு மருந்து. கேம் ஆடித்தான் இப்படி ஆனதா என்று அம்மா கேட்டாள். இல்லவே இல்லை என்றார் டாக்டர். ஆகவே நீ எதையும் மனதில் வைக்காதே. அன்று மண்டபத்துக்குப் போயிருந்தால் இன்னும் கொஞ்சம் மிஞ்சியிருக்கும். அதை மட்டும் நினைத்துக்கொண்டிருக்கிறேன். ஓரம் இருட்டாகத் தெரியும் என்று நினைப்பாய். இல்லை. எல்லாம் முழுதாக இருப்பது போலவே இருக்கிறது.

இப்போது சொல்ல வந்தது. இது குடும்பத்தில் வருமாம், பிள்ளைகளும் காட்ட வேண்டுமாம். அக்கா ரஜிதா காட்டிவிட்டாள், அவளுக்கு ஒன்றும் இல்லை. போன மாதம் லொறியைத் திருப்பும்போது தூணில் உரசியதைச் சொன்னாயே. 'தூணக் கொண்டாந்து நடு வழியில வச்சிருக்கானுங்கப்பா' என்றாய். இது ரெண்டாந்தடவை என்றும் சொன்னாய். நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம். அம்மா எனக்குச் சொட்டு மருந்து விடும்போது இன்னமும் அதைச் சொல்லிச் சிரிக்கிறாள். நான் கண்ணை மூடிக்கொண்டு கேட்டுக்கொண்டிருக்கிறேன். நான் நினைப்பதை அவளிடம் சொல்லவில்லை.

ஒன்றும் இல்லாமலும் இருக்கலாம். இருந்தால் லைசன் போகும், வேலை போகும். தெரிந்துதான் எழுதுகிறேன். போனால் வீட்டுக்கு வா. ஏன் வந்தாய் என்று இங்கே யாரும் கேட்க மாட்டார்கள். நீ கண்ணைக் காட்டும் வரை லொறியில் ஏறாதே, மகன்.

நேரத்துக்குச் சாப்பிடு. அம்மன் துணை இருப்பாள். அம்மாவின் முத்தங்கள்.

உன் அப்பா,
அழகமுத்து