பைஸ்டாண்டர் பாஸ்

புரோத்ராபூர்,
5.8.2024

அன்பு மகள் வசந்தகுமாரிக்கு அம்மா எழுதுவது. போனில் நீ கிடைப்பதில்லை, அதனால்தான் கடிதம்.

நீ எழுதியது வந்தது. அப்பாவின் முப்பதாம் நாள் காரியத்துக்கு வருவாயா என்று கேட்டிருந்தேன், அதற்குப் பதிலைக் காணோம். "அப்பா சாகும்போது நீ பைஸ்டாண்டராக இருந்தாய்" என்று ஒரே வரி. எனக்கு அது போதும் கண்ணு. பத்தொன்பது நாள் ஆஸ்பத்திரியில் கொடுத்த பைஸ்டாண்டர் பாஸைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு வார்டில் கிடந்தேன். மலையாள நர்ஸ் வந்து, "முருகையாடெ பைஸ்டாண்டர் எவிடே?" என்று கேட்கும். மூத்திரச் சட்டியும் கையுமாக, "நான்தான் சேச்சி" என்று ஓடுவேன். கூட இருந்து பார்க்கிறவளுக்கு அங்கே அதுதான் பேர்.

உன் வரியைப் பக்கத்து வீட்டு வைஜெயந்தியிடம் காட்டி, "என் மக என்னைப் புரிஞ்சுக்கிட்டா" என்றேன். அவள் கடிதத்தை மடித்துத் தந்துவிட்டு டீ போட்டுக் கொடுத்தாள்.

நேரத்துக்குச் சாப்பிடு.

உன் அம்மா
சொர்ணம்மா

சென்னை,
16.8.2024

அம்மா,

நான் உன்னைப் பாராட்டவில்லை. ரோட்டில் ஒருவன் அடிபட்டுக் கிடக்கும்போது கை கொடுக்காமல் வேடிக்கை பார்க்கிறவன்தான் பைஸ்டாண்டர். ஆஸ்பத்திரியில் சொல்வதை வைத்து நீயாக அர்த்தம் பண்ணிக்கொள்ளாதே. முதல் வாரமே அப்பாவை அந்தத் தீவிலிருந்து மெயின்லாண்டுக்குக் கொண்டுவந்திருந்தால் பிழைத்திருப்பார். நீ நின்று பார்த்துக்கொண்டிருந்தாய்.

முப்பதுக்கு வரவில்லை.

வசந்தா

புரோத்ராபூர்,
27.8.2024

வசந்தகுமாரிக்கு,

முப்பது முடிந்தது. அர்த்தம் சொல்லிக் கொடுத்தாய், நல்லது. மூன்றாவதோடு நின்றவள் நான், எனக்கென்ன தெரியும்.

மெயின்லாண்டுக்குக் கொண்டுபோங்கள் என்று டாக்டர் சொன்ன அன்றைக்கே உனக்குத்தான் போன் பண்ணினேன். "இப்ப லீவு கெடைக்காதும்மா, கொஞ்ச நாள் பாப்போம்" என்றாய். அதற்குப் பிறகு நீ போனை எடுக்கவில்லை. அப்பாவிடம் நான் அதைச் சொல்லவில்லை. "புள்ள டிக்கெட் போடுது" என்றேன். கடைசி நாள் வரை அந்த மனுஷன், "டிக்கெட் வந்திருச்சா சொர்ணம்?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். வந்துகொண்டிருக்கிறது என்று பொய் சொல்லிக்கொண்டே இருந்தேன். நின்றுகொண்டுதான் சொன்னேன். ஒரே ஒரு ஸ்டூல், அதில் அவர் துணி இருந்தது.

கேட்டில் திருப்பிக் கொடுக்க மறந்த பாஸ் இத்தோடு இருக்கிறது. பைஸ்டாண்டர் என்று போட்ட இடத்தில் என் பேர் இருக்கும். அதை அடித்துவிட்டு உன் பேரை எழுதிக்கொள்.

இப்படிக்கு,
முருகையா மனைவி
சொர்ணம்மா