ஆய்வுக்கு வந்தவர்களும் சரோஜா விட்ட சேவலும்

தை 5, திங்கள்
பனி. கோழி செட்டுக்குச் சுண்ணாம்பு அடித்தாயிற்று. பாதி என் சட்டைக்கு. வியாழக்கிழமை வளைகுடாவிலிருந்து இரண்டு அதிகாரிகள். இரண்டு அரசும் கையெழுத்துப் போட்டிருக்கிறதாம்: நம் முட்டை அங்கே போகும், அவர்கள் கம்பெனி இங்கே குளிர்கிடங்கு கட்டித் தரும். பண்ணை தேறினால் மகள் நந்தினி, எங்கள் பாப்பா, இங்கேயே இருந்து பார்த்துக்கொள்வாள். தேறாவிட்டால் ஐதராபாத் வேலை. ஆறு மாதமாக எல்லாக் காகிதமும் அவள் எழுதியது. நான் பத்தாவது பெயில். கையெழுத்து மட்டும் என்னுடையது, அதையும் ஓரிடத்தில் மாற்றிப் போட்டேன்.

தை 6
பாப்பாவின் பட்டியல்: கால் நனைக்க மருந்துத் தொட்டி. எலிப்பொறி. வருகைப் பதிவேடு. பண்ணைக்குள் வேறு பறவை எதுவும் கூடாது, புறாகூட.
"சேவல மாமா ஊட்ல உட்டுட்டு வந்துருங்கப்பா."
"சரி சாமி."
என் மனைவி சரோஜா கருப்பணாருக்கு நேர்ந்துவிட்ட சேவல். பாப்பா ஊரோடு வந்து இருக்க வேண்டும், அதுதான் வேண்டுதல். மாசிப் பொங்கலில் அறுப்பதாக இருந்தது. ஐப்பசியில் அவளே போய்ச் சேர்ந்துவிட்டாள்.

தை 7
சேவலைக் கூடையில் வைத்து மச்சான் வீடுவரை வண்டியில் போனேன். "ஞாயித்துக்கெழமைக் கொழம்புக்கு ஆச்சுங்க மாப்ள" என்று சிரித்தார். விளையாட்டுக்குத்தான். ஆனாலும் கூடையை விட கை வரவில்லை. திரும்பக் கொண்டுவந்து மோட்டார் ரூமில் பூட்டினேன். பாப்பாவிடம் விட்டாச்சு என்றேன். இருட்டில் சேவல் கூவாது. என் விஞ்ஞானம்.

தை 8, வியாழன்
கூவியது. பதினொரு மணிக்கு, அதிகாரிகள் மருந்துத் தொட்டியில் கால் வைத்த நேரம். மொழிபெயர்க்க வந்த சென்னைத் தம்பி என்னைப் பார்த்தார். ரூமைத் திறக்கச் சொன்னார்கள். சாவி இடுப்பில். சட்டைப் பையில் தேடினேன்.
"சாமிக்கு உட்டதுங்க."
தம்பி சொன்னதைக் கேட்டுப் பெரிய அதிகாரி மரியாதையாகத் தலையாட்டினார். பிறகு எழுதினார். தேறவில்லை. மறுபடி விண்ணப்பிக்க ஒரு வருஷம். மிச்சர் நன்றாக இருந்ததாம்.

தை 9
பாப்பா திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.
"பொய் சொல்லிப்போட்டேன் சாமி."
"தெரியுங்கப்பா. நேத்துக் காலைல சன்னல் வழியா அதுக்குக் கம்பு போட்டதே நாந்தான்."
"அப்பறம் ஏஞ்சாமி சொல்லல?"
"அம்மா உட்டது. எனக்கும் தூக்கிக் குடுக்க மனசு வல்லீங்க."
அவள் பெட்டியை இறக்கித் துடைத்தாள்.

தை 11, ஞாயிறு
சேலத்தில் ரயில் ஏற்றிவிட்டேன். இட்லிப் பொட்டலம், தண்ணீர் பாட்டில், போர்வை. போர்வையைத் திருப்பிக் கொடுத்துவிட்டாள்.
"மாசிக்கு லீவு கெடைக்காதுங்கப்பா. நீங்களே பொங்கல் வெச்சு அறுத்துருங்க."
சரி என்றேன். நடக்காத வேண்டுதலுக்கு அறுக்கலாமா? பூசாரியைத்தான் கேட்க வேண்டும். இன்று கோயில் வழியாகத்தான் வந்தேன். அவர் வெளியே நின்றிருந்தார். வண்டியை நிறுத்தவில்லை.